மதலேன் அம்மாவின் மிமோசா

"எது அசல், குருவே?" என்று கேட்டார் குணாளன்.

அவருக்கு ஐம்பத்தோரு வயது. குருவுக்கு முப்பத்திரண்டு. புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய அந்தப் பழைய ஹோட்டலில் இருபது வருடம் அடுப்படியில் வெந்தவர், முட்டிவலி வந்ததும் பாருக்கு மாறினார். அங்கே தொழில் சொல்லிக் கொடுப்பவள் பெனடிக்டா. அவர் அவளைக் 'குருவே' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள். 'குருவே' முதலில் கேலியாகத்தான் தொடங்கியது. இப்போது இல்லை.

"எதுல அசல்?"

"மிமோசாவுல."

ஆரஞ்சுச் சாறு, நுரைக்கும் ஒயின். இரண்டே பொருள். இதற்கா இத்தனை பாடு என்று நமக்குத் தோன்றும். குணாளனின் நோட்டிலோ நாலு பக்கம் நிரம்பியிருந்தது.

"லண்டன்காரன் எங்க கிளப்புல பொறந்துச்சுங்கறான். பாரிஸ்காரன் எங்க ஹோட்டல்லங்கறான். ஒருத்தன் ஒயின் ரெண்டு பங்குங்கறான், ஒருத்தன் பாதிக்குப் பாதிங்கறான். மாதுளைப் பாகு ஒரு சொட்டு விடச் சொல்றவனும் இருக்கான். நான் எவனை நம்பறது?"

"யாருக்காகக் கேக்கறீங்க?"

குணாளன் ஜன்னலோர மேசையைக் காட்டினார்.

அங்கே மதலேன் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக்காரர். கல்யாணத்துக்கு மறுநாள் காலை கணவரோடு இதே மேசையில் குடித்த மிமோசாவை இன்னொரு முறை குடித்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். கணவர் போன மாசியில் தவறிவிட்டார்.

ஐந்து நாள், ஐந்து கோப்பை. ஒவ்வொன்றையும் நுரை அடங்குவதற்குள் ஓட்டமாக ஓடிக் கொண்டுபோய் வைத்தார் குணாளன். மதலேன் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது இல்ல" என்பார்.

இன்று பகல் பன்னிரண்டுக்கு அவருடைய கார் கிளம்புகிறது. இந்த உடம்போடு இனி வரமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். குணாளனுக்கு அழுகை வராத குறைதான்.

"அவங்களைக் கேட்டீங்களா?"

"அளவெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெனடிக்டா கோப்பையில் சாறு ஊற்றினாள். கோப்பையைச் சாய்த்து, ஓரமாக ஒயினை இறக்கினாள். அவளே கொண்டுபோய் வைத்தாள்; குணாளனும் பின்னாலேயே போனார்.

"கொஞ்சம் இருங்கம்மா. அன்னைக்கு இங்க என்ன நடந்துச்சுன்னு இவருக்குச் சொல்லுங்க."

மதலேன் அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப அவரு வாயே தொறக்கல. மாதா கோயில்ல சாமியார் கேட்டதுக்கு 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மறுநாள் இங்க வந்து உக்காந்தோம். கிளாஸ் வந்துச்சு. அப்பத்தான் பேச ஆரம்பிச்சாரு."

நிறுத்தினார்.

"அவருக்குத் திக்குவாய். உங்கிட்ட மறைச்சுட்டோம், மன்னிச்சுக்கோன்னு சொல்லணும் அவருக்கு. 'ம'வுலயே நின்னுட்டாரு."

குணாளனின் கண் கோப்பையில் இருந்தது. குமிழிகள் குறைந்துகொண்டே வந்தன. பொறுக்கமுடியாமல் கையை நீட்டினார்.

"வேற கொண்டாரேன்மா, இது வீணாப்போயிடும்."

பெனடிக்டா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்கம்மா."

அவர் சொன்னார். கணவரின் அந்தப் பேச்சைப் போலவே, நின்று நின்று. மேசையின் ஒரு மூலையில் இருந்த வெயில் மறுமூலைக்கு வந்துவிட்டது.

"வேர்த்து ஊத்துது அவருக்கு. வார்த்தை எடுத்துக் குடுக்கலாம்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. குடுக்கல. அவரே முடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். முடிச்சாரு. அதுக்கப்புறந்தான் ரெண்டு பேரும் குடிச்சோம்."

கோப்பையை எடுத்தார். அதில் ஒரு குமிழிகூட இல்லை. பழைய சாறு மாதிரி அசையாமல் கிடந்தது. இப்படி ஒன்றை விருந்தாளிக்குக் கொடுக்கிறோமே என்று குணாளன் குன்றிப்போனார்.

மதலேன் அம்மா ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். கண்ணீர் மோவாய் வரை இறங்கியது, துடைக்கவில்லை.

"இதான்" என்றார்.

குணாளன் அவசர அவசரமாக நோட்டைப் பிரித்தார்.

"குருவே, என்ன அளவு?"

"பாதிக்குப் பாதி. மொத நாள் நீங்க குடுத்த அதே அளவுதான் அண்ணே."