சாம்பார் ஓடின கல்லணை

ஒரு ஊர்ல ஒரு மேகலா இருந்தா. உன்னை மாதிரியே அஞ்சாங் கிளாஸ். உன்னை மாதிரியே அவளுக்கும் மறுநாள் சமூக அறிவியல் பரீட்சை. ம் சொல்லு.

"ம். அவளும் பயந்தாளாப்பா?"

பயப்படாம? அவ கோ-கோ டீம்ல இருந்தா. சனிக்கிழமை மேட்ச். எஸ்தர் டீச்சர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க: "ஆறு கேள்வி. குறைஞ்சது மூணு சரியா எழுதணும். இல்லைன்னா சனிக்கிழமை கிளாஸ்ல உக்காந்து படி. மேட்ச் கிடையாது."

அப்போ மேகலா ஒரு சுலபமான வழி கண்டுபிடிச்சா. பாடத்துக்குப் பின்னாடி 'சரியான விடையைத் தேர்ந்தெடு' இருக்குல்ல? கேள்வியைப் படிக்கவே இல்லை. எழுத்தை மட்டும் மனப்பாடம் பண்ணினா. ஒண்ணு இ, ரெண்டு அ, மூணு ஈ...

"அப்பா, நானும் அப்படித்தான்..."

தெரியும் பாப்பா. சாயங்காலம் காதுல விழுந்துச்சு. கதையைக் கேளு.

அப்புறம் சாப்பாட்டு நேரம். புத்தகத்தைத் தட்டு பக்கத்துல வெச்சுக்கிட்டு, "ஒண்ணு இ, ரெண்டு அ"ன்னு சொல்லிக்கிட்டே இட்லியைத் தோய்ச்சா. சளக்! சாம்பார் நேரா கல்லணைப் படத்து மேல. ஐயையோன்னு விரலால துடைச்சா. துடைக்கத் துடைக்க, மஞ்சத் தண்ணி அணையைத் தாண்டி சொளசொளன்னு ஓடுது. ஓடிப்போய்க் கீழே ஒரு பேரை நனைச்சுது. கரிகாலன். "ஏன் ராஜா, இத்தனை கல்லைப் போட்டீங்களே, ஒரு கரண்டி சாம்பாரை நிறுத்த முடியலையா?"ன்னு அவரையே திட்டினா.

"ஹிஹி. ம்."

அப்புறம் கை கழுவிட்டு வந்து, வேகமாப் பக்கத்தைத் திருப்பினா. டர்ர்ர்! மாநில மரம் ரெண்டா கிழிஞ்சு போச்சு. அம்மா நாலு சோத்துப் பருக்கை குடுத்து, "பாத்து ஒட்டுடி, மட்டை கீழேயும் வேர் மேலேயும் போயிடப் போகுது"ன்னாங்க. மட்டையை மட்டையோட சேத்து, வேரை வேரோட சேத்து, காயற வரைக்கும் பனைமரத்தை அமுக்கிக்கிட்டே உக்காந்திருந்தா.

அப்புறம் தண்ணி குடிக்கப் போனா. அப்போ அவ தம்பி அப்பு கிரேயானோட வந்தான். கிறுக் கிறுக் கிறுக்! மேகலா ஓடி வந்து பாத்தா, வரையாட்டுக்கு மீசை, கண்ணாடி, தலையில தொப்பி.

"டேய், மாநில விலங்குக்கு எவன்டா மீசை வரைவான்?"

"தாத்தா மாதிரி இருக்குல்ல?"

அழிச்சு அழிச்சுப் பாத்தா. மீசை போகவே இல்லை. அழுதுக்கிட்டே படுத்துட்டா.

"அப்புறம்ப்பா?"

அப்புறம் பரீட்சை. டீச்சர் கேள்வியை எழுதிப் போட்டாங்க. எல்லாம் இடம் மாறிக் கிடக்கு! ஒண்ணாவது நாலாவதாப் போச்சு, இ-யில இருந்தது ஆ-வுக்குப் போச்சு. மேகலாவுக்கு முதல் கேள்வி தெரியலை. ரெண்டாவதும் தெரியலை. மூணாவது, கல்லணை. தலைக்குள்ள சாம்பார் ஓடுச்சு. ஓடிப்போய்க் கரிகாலன்கிட்ட நின்னுச்சு! நாலாவது, மாநில மரம். விரல்ல பருக்கை பிசுபிசுத்துச்சு. பனை! அஞ்சாவது என்னென்னமோ யோசிச்சு, விட்டுட்டா. கடைசி, மாநில விலங்கு எது? மேகலா களுக்னு சிரிச்சுட்டா.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லை டீச்சர், மீசை..."

ஆறுக்கு மூணு. கரெக்டா மூணு. அப்பாடா! பேப்பரைச் சுருட்டிக்கிட்டு குடுகுடுன்னு கோ-கோ ஆட ஓடிட்டா.

"அப்பா... என் புக்ல ஒரு கறைகூட இல்லையே."

எப்படி இருக்கும்? பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஒரு சொட்டு பட்டாலும் பாருன்னு மிரட்டினது நான்தானே. எதுக்கு மிரட்டினேன்னு இப்போ யோசிச்சா எனக்கே தெரியலை. நீ பக்கத்தைத் திறக்கவே பயந்துட்டே.

நாளைக்கு ஆறு மணிக்கு எழுப்பறேன். நாம ரெண்டு பேரும் புக்கைத் திறந்து வெச்சுக்கிட்டுச் சாப்பிடலாம். சட்னியை நான் ஊத்தறேன்.

"நிஜமாவா? எந்தப் பக்கத்து மேல?"

உனக்கு வராத பக்கம் எதுவோ, அது மேல.

"அப்போ நிறைய சட்னி வேணும்ப்பா."

அரைச்சுடலாம். மேகலா ஆடப் போயிட்டா, கதையும் அவ பின்னாடியே ஓடிடுச்சு. நீ கண்ணை மூடு.

"...ம்."