எருமைக்கு மேற்கே, டிராக்டருக்குக் கிழக்கே

மந்திக்குளத்து ஆட்களைப் பற்றி ஊரில் ஆயிரம் பேசுவார்கள், நம்பாதீர்கள். தங்கமானவர்கள். சொன்ன சொல்லில் இம்மி பிசக மாட்டார்கள். அதுதான் அவர்களைப் பிடித்த சனியன்.

அந்த ஊர் சோலைக்கண்ணுவுக்குக் கோமதி என்றால் உயிர். கோமதியின் அப்பா தவசியப்பனோ கறாரான மனிதர். "மாப்பிள்ளை பேர்ல துண்டு நிலமாவது பதிவாகணும். இல்லைன்னா பேச்சே வேண்டாம்" என்றுவிட்டார். பாவம், சோலைக்கண்ணு அலையாய் அலைந்து ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பேசி முடித்தான்.

பத்திரம் எழுதுகிறவர் சொன்னார்: "நாலு எல்லை வேணும்ப்பா. நேர்ல போய், நாலு பக்கமும் என்ன இருக்கோ அப்படியே எழுதிட்டு வாங்க. சொந்தச் சரக்கு சேர்க்காதீங்க."

கூட்டாளிகள் மொக்கராசும் பெத்தணனும் துணைக்குப் போனார்கள். பெத்தணன் நிலத்தின் நடுவில் உட்கார்ந்து எழுதினான். கிழக்கே ஓர் எருமை படுத்திருந்தது. மேற்கே பஞ்சரான டிராக்டர் நின்றது. வடக்கே போன மொக்கராசு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அங்க ஒண்ணுமே இல்லடா. நான் மட்டும்தான் நின்னேன்."

"அப்ப வடக்கே நீதான்" என்று பெத்தணன் எழுதிக்கொண்டான். அந்தக் கணக்கில் தெற்கே சோலைக்கண்ணு.

அன்றைக்குப் பத்திர ஆபீஸில் திருவிழாக் கூட்டம். எழுதுகிறவர் இவர்கள் கொடுத்ததை அப்படியே டைப் அடித்தார். சார்பதிவாளருக்கு வந்து வந்து போகிற சர்வரோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாக இருந்தது.

"எல்லையெல்லாம் நேர்ல பார்த்ததுதானே?"

"கண்ணால பார்த்தோம்யா."

முத்திரை விழுந்தது. வெளியே வரும்போது எழுதுகிறவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எல்லை நகராமப் பார்த்துக்கோங்க, அசந்தா நிலம் போயிரும்" என்றார்.

அலறியடித்துக்கொண்டு ஓடி அவரவர் எல்லையில் நின்றார்கள். சாயங்காலம் எருமை எழுந்து இன்னும் கிழக்கே இருந்த கண்மாய்க்கு நடந்தது. நிலம் கண்மாய் வரை வளர்ந்துவிட்டதென்று மூவருக்கும் பூரிப்புத் தாங்கவில்லை. குளித்துவிட்டு அது நேரே டிராக்டர் நிழலில் வந்து படுத்தது. நிலம் ஒரு முழமாகச் சுருங்கிப்போயிற்று.

"ஒரு முழத்துக்கா கோமதியைத் தருவாரு?" என்று சோலைக்கண்ணு அழுதேவிட்டான். வாலைப் பிடித்து இழுத்துத்தான் எருமையைப் பழைய இடத்தில் சேர்த்தார்கள்.

அடுத்து கல்யாணம். பெண் வீடு வடக்கே இருந்தது.

"நான் வடக்கே நடந்தா தெற்கெல்லையும் வருமே. மொக்கராசைத் தாண்டிட்டா நிலமே இருக்காதே" என்றான் மாப்பிள்ளை.

"நான் முன்னால நடக்கேன்" என்றான் மொக்கராசு.

"எருமையும் டிராக்டரும்?"

பெத்தணன் வெகுநேரம் தலையைச் சொறிந்தான். "நாலும் சேர்ந்து போனா நிலமும் கூடவே வந்துரும். மாமனாருக்கு நேர்லயே காட்டிரலாம்."

அப்படியே கிளம்பினார்கள். முன்னால் மொக்கராசு, வலப்பக்கம் எருமை, இடப்பக்கம் ஊரே மூச்சு வாங்கத் தள்ளிய டிராக்டர், பின்னால் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. நடுவில் வந்த மேளக்காரர்களைப் பெத்தணன் அதட்டினான். "வெள்ளாமை போடுற இடம்யா, செருப்பைக் கழட்டுங்க."

பெண் வீட்டில் மொக்கராசு கொல்லையில் நின்றான். எருமை கிழக்குச் சுவரோரம் படுத்தது. டிராக்டர் மேற்குச் சந்தில் அடைத்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வாசல் பந்தலில் உட்கார்ந்தான்.

"நிலம் எங்க?" என்றார் தவசியப்பன்.

"அதுக்குள்ளதான் நிக்கிறீங்க மாமா."

அவர் பத்திரத்தைப் படித்தார். நாலு பக்கமும் எட்டிப் பார்த்தார். எல்லாம் எழுத்துப்படி இருந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். மேளம் கொட்டியது, தாலி ஏறியது. சோலைக்கண்ணுவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

தவசியப்பனுக்குத்தான் போயிற்று. மெல்ல மாப்பிள்ளையிடம் குனிந்தார்.

"மாப்பிள்ளை, அப்ப என் வீடு உங்க நிலத்துலயா இருக்கு? ஆடி வரைக்கும் தவணை குடுங்க, காலி பண்ணிர்றேன்."

"எதுக்கு மாமா காலி பண்ணிக்கிட்டு? எருமை எந்திரிச்சு டிராக்டர் பக்கம் வந்துட்டா, வீடு தானா வெளிய வந்துரும்."

தவசியப்பன் அடுக்களைக்கு ஓடினார். முதல் பந்திக்கு வைத்திருந்த பாயச அண்டாவைத் தூக்கி வந்து எருமைக்கு முன்னால் வைத்துவிட்டு, "எந்திரிம்மா, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டபடி நின்றார்.