ஆடு மேய்த்தவர்களும் வாய்ப்பாடு சொன்ன கதை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருடைய அரண்மனை வைத்தியர் ஆதித்தேவர் ஒரு காரியம் செய்தார். கால் வீங்கிய இருபது குதிரைகளில் பத்துக்குப் பற்றுப் போட்டார், பத்துக்குப் போடவில்லை. போட்டவை ஓடின, போடாதவை நொண்டின. இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் பரிசோதனை, மற்றதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்றார் வைத்தியர். ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குதிரைக்குச் சரிப்பட்டது பள்ளிக்கூடத்துக்கும் சரிப்படும் என்று முடிவு கட்டிவிட்டார்.

வைத்தியருக்கு அது போதாதா? விகடகவி சேந்தன்மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாறாடி என்ற வாத்தியார் கெட்டிக்காரர் என்று ராஜாவிடம் சொல்லி வேலையில் அமர்த்தியதே சேந்தன்தான். வாத்தியாரைக் கவிழ்த்தால் சேந்தனும் சேர்ந்து கவிழ்வான்.

ஒரே தெருவில் நாற்பது பிள்ளைகளைப் பிடித்தார்கள். சீட்டுப் போட்டு, இருபது பேரை வாத்தியாரிடமும் இருபது பேரை ஆடு மேய்க்கவும் அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து எல்லோரையும் நிறுத்தி வாய்ப்பாடு கேட்டார் வைத்தியர். பள்ளிக்கூடம் போனவர்கள் கடகடவென்று சொன்னார்கள். ஆடு மேய்த்தவர்களும் கடகடவென்று சொன்னார்கள்.

"அரசே, இரு சாராரும் சமம். ஆகவே இந்த ஆசிரியரால் எள்ளளவும் பயனில்லை என்பது நிரூபணமாயிற்று" என்றார் வைத்தியர்.

வாத்தியார் ஊரைவிட்டுப் போக வேண்டும், சிபாரிசு செய்த சேந்தனும் கூடவே போக வேண்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். வாத்தியார் பாவம், என்ன நடந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. கண் கலங்கி நின்றார். சேந்தன் பதினைந்து நாள் தவணை கேட்டான். வைத்தியர் குறுக்கே விழுந்து, மறுப்பதானால் இதே முறையில்தான் மறுக்க வேண்டும், கதை அளக்கக் கூடாது என்றார். அப்படியே ஆகட்டும் என்றான் சேந்தன்.

பதினாறாம் நாள் மத்தியானம் ராஜா வைத்தியரோடு பந்தியில் உட்கார்ந்தார். இலையில் ஒரு பருக்கை இல்லை. சமையற்காரர் எங்கே என்று கேட்டால், வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்கிறான் சேந்தன்.

"அரசே, காவலர்களில் இருபது பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்தேன். பத்துப் பேருக்கு அரண்மனைச் சோறு, பத்துப் பேருக்கு இல்லை. இன்று காலை எடை போட்டுப் பார்த்தால் இரு சாராரும் சமம். ஆகவே சமையற்காரரால் எள்ளளவும் பயனில்லை என்பது நிரூபணமாயிற்று."

ராஜாவுக்குப் பசி. பசித்த ராஜாவிடம் தர்க்கம் எடுபடுமா?

"மடையா, ஒரே கொட்டடியில் இருப்பவர்கள் பங்கு போட்டுத் தின்றிருப்பார்கள். இதுகூடவா உனக்குத் தெரியாது?"

"தராசில் அது தெரியவில்லையே, அரசே. அந்தப் பிள்ளைகளும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள்."

ராஜா வெறும் இலையைத் தள்ளி வைத்தார். பிறகு ஆடு மேய்த்தவர்களில் ஒருத்தியை, நங்கை என்ற சிறுமியை, வரவழைத்தார். உனக்கு வாய்ப்பாடு எப்படித் தெரியும் என்று அவரே கேட்டார். இத்தனை நாளில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"பள்ளிக்கூடம் போற புள்ளைங்க சாயங்காலம் வந்து வாய்ப்பாட்டை வெச்சுத்தாங்க விளையாடுதுங்க. வாத்தியார் அப்படிக் கத்துக் குடுத்திருக்காரு. தப்பாச் சொன்னா ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்க. அதான் நாங்களும் கத்துக்கிட்டோம்."

ராஜா பசியை மறந்து வயிறு குலுங்கச் சிரித்தார். இருபது பேருக்குப் பாடம் நடத்தி நாற்பது பேரைத் தேற்றியவரை அல்லவா துரத்தப் பார்த்தோம் என்றார். வாத்தியாருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். ஆடு மேய்த்த இருபது பேரும் நாளை முதல் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். முறையில் பிழை இல்லை, அந்த இருபது பேரை வேறு ஊரில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று வைத்தியர் முனகிக்கொண்டே இருந்தார்.

அப்படியென்றால் ஆட்டை யார் மேய்ப்பது என்று நங்கை கேட்டாள். பந்தியில் இருந்த எல்லோரும் வைத்தியரைப் பார்த்தார்கள்.

"நாற்பது ஆடு இருக்கிறது, அரசே. இருபதை வைத்தியர் மேய்க்கட்டும், இருபதைச் சும்மா அவிழ்த்து விடுவோம். மூன்று மாதம் கழித்து இரு சாராரும் சமமாகக் கொழுத்திருந்தால், வைத்தியரை என்ன செய்வது என்று அப்போது யோசிக்கலாம்" என்றான் சேந்தன்.

ராஜா சிரித்துக்கொண்டே நங்கையின் மேய்ச்சல் கோலை வாங்கி வைத்தியரிடம் நீட்டினார். வைத்தியர் மறுக்கவில்லை. எந்த இருபது ஆடு என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம்.