மட்டையின் உயிரை விரட்டிய ஆவாரங்குளத்தார்

டொக். டொக். டங்.

ஆவாரங்குளத்தில் அன்றைக்குக் காலையிலிருந்தே இந்தச் சத்தம். மரங்கொத்தி என்று சிலர் சொன்னார்கள். எட்டிப் பார்த்தால், கோயில் வேம்படியில் ஊர்க் கிரிக்கெட் அணி பதினோரு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு புது மட்டை. கேப்டன் உச்சிமாகாளி அதைப் பிடியில் பிடித்துத் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.

காரணம் இருந்தது. போன வருஷம் பக்கத்து ஊர் பூலாங்கரட்டிடம் தோற்றதால், அந்த அணிக் கேப்டன் மந்திரமூர்த்தி வீட்டு எருமைகள் மூன்றையும் உச்சிமாகாளிதான் தினமும் குளிப்பாட்டுகிறான். பந்தயம் அப்படி. மந்திரமூர்த்தி உச்சிமாகாளி பொண்டாட்டியின் அண்ணன் வேறு. எருமை வாடை போகாததால் அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி நின்று நீட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேட்ச். தோற்றால் இன்னொரு வருஷம்.

மட்டை விற்ற கடைக்காரர் நல்ல மனுஷன். சொல்லித்தான் கொடுத்தார்: "தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்க தம்பி. எங்க தட்டினா கை அதிரலையோ, அங்கதான் மட்டையோட உயிர் இருக்கு. அதுல பட்டா பந்து பறக்கும். மத்த இடமெல்லாம் சும்மா."

தட்டித் தட்டி இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அடியிலிருந்து ஒரு சாண் மேலே, உள்ளங்கை அகலம்.

"அப்ப அதுக்குக் கீழ இருக்கது?" என்று கேட்டான் அணியின் மூளையான சங்கிலிபூதம்.

"சும்மான்னாருல்லா."

"சும்மா இருக்கதை எதுக்குலே சுமக்கணும்?"

ஆழ்வாரப்பன் ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து ரம்பம் எடுத்து வந்தான்.

அறுத்ததும் உச்சிமாகாளி சுழற்றிப் பார்த்தான். மட்டை விசிறி மாதிரி லேசாகச் சுற்றியது. எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நிச்சயத்துக்காக மறுபடி தட்டினார்கள். பழைய இடத்தில் கை விறுவிறு என்று அதிர்ந்தது. அதிராத இடம் நாலு விரல்கடை மேலே போயிருந்தது.

ஆழ்வாரப்பன் விரலை வைத்து மறுபடி அளந்து பார்த்தான்.

"நகந்துட்டு," என்றான் ஆழ்வாரப்பன்.

"ரம்பத்தைக் கண்டு பயந்திருக்கு," என்றான் சங்கிலிபூதம். "உயிருல்லா. பயம் இருக்கத்தான செய்யும்."

"இப்ப என்னலே செய்ய?"

"விரட்டணும். மேல போகப் போக வழி எங்க இருக்கு அதுக்கு?"

அறுத்தார்கள். அது ஏறியது. மறுபடி அறுத்தார்கள். மறுபடி ஏறியது. ஆழ்வாரப்பனுக்குத் தோள் வலித்தது, இன்னொருத்தன் மாற்றிவிட்டான். தப்பித்து ஓடிவிடக்கூடாது என்று ஒருவன் பிடியின் நுனியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் பிடியும் அதன் அடியில் நாலு விரல் கட்டையும் மிஞ்சின. உச்சிமாகாளி மேலே தட்டினான். அதிரவில்லை. கீழே தட்டினான். அதிரவில்லை. ஓரத்தில், பக்கவாட்டில், எங்கேயும் இல்லை. அவ்வளவு குட்டைக் கட்டை எப்படி அதிரும்?

"இப்ப முழுசும் உயிருதான்," என்றான் சங்கிலிபூதம். கட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூலாங்கரடு முதலில் ஆடி எண்பத்திரண்டு ஓட்டம் எடுத்தது. அப்புறம் உச்சிமாகாளி களத்தில் இறங்கினான். மந்திரமூர்த்தி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாப்ளே, மட்டை எங்க?"

"கையில என்ன தெரியுது மச்சான்? போடும்."

போட்டார். மாப்பிள்ளை முழு வேகத்தில் வீசினான். பந்து கட்டைக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நடுக் குச்சியைப் பிடுங்கியது.

திரும்பி வந்தவனை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"கை அதிர்ந்துச்சா?"

"கொஞ்சங்கூட இல்லலே," என்றான் உச்சிமாகாளி.

அடுத்தவன் போனான், வந்தான். அவனுக்கும் அதிரவில்லை. பத்து விக்கெட்டும் மூன்று ஓவருக்குள் விழுந்தன. ஒருத்தன் கைகூட அதிரவில்லை. இப்படி ஒரு மட்டை இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். தோல்வி எதனால் என்பது மட்டும் பிடிபடவில்லை. ஆடுகளத்தில்தான் உயிர் இல்லை போலிருக்கிறது என்று சங்கிலிபூதம் சொன்னான். எல்லாரும் குனிந்து தரையைக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் மந்திரமூர்த்தி கிணற்றடிக்கு வந்தார். வாளியில் தண்ணீர் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை சுட்டுவிரலை மடக்கி எருமையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். தோல் சிலிர்த்தது. வயிற்றில் தட்டினான். சிலிர்த்தது. தொடையில் தட்டினான். வாலும் சேர்ந்து ஆடியது.

"என்ன மாப்ளே செய்யுதீரு?"

"பொறும் மச்சான். ஒரு வருஷமா முழு எருமையையும்லா தேய்ச்சிருக்கேன், விவரம் தெரியாம."

கொம்பில் தட்டினான். எருமை அசையவே இல்லை. மறுபடி தட்டி, காதை வைத்துக் கேட்டான். பிறகு தேங்காய் நாரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தக் கொம்பை மட்டும் நுனியிலிருந்து பொறுமையாகத் தேய்க்க ஆரம்பித்தான்.