பாயைக் காத்த திரையன்

காது கொடுங்கள், பெரியோரே, பிள்ளைகளே. மன்னர்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்தில், தெற்குக் கடலோரத்தில் திரையன் என்றொரு படகோட்டி இருந்தான். சின்னப் படகு, ஒரே ஒரு பாய். அந்தத் துணிப்பாயை வாங்க அவனும் மனைவி மருதியும் இரண்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியிருந்தார்கள்.

பாய் வந்தது, நிம்மதி போயிற்று. உட்கார்ந்தால் பாய் நினைப்பு, எழுந்தால் பாய் நினைப்பு, உண்ணும்போதும் அதே நினைப்பு.

அந்தக் கோடையில் கடல் கொந்தளித்து, மூன்று மாதம் படகுகள் கரையேறிக் கிடந்தன. திரையன் பாயைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்தான். கூரையில் எலி ஓடியது. கடித்துவிட்டால்? தூக்கிப் போய்ப் படகுக்குள் வைத்தான்.

படகின் அடியில் ஈரம் கசிந்தது. துணி இற்றுவிட்டால்? எடுத்துப் பாய்மரத்தோடு சேர்த்து உயரக் கட்டினான்.

உயரக் கட்டியது ஊருக்கே தெரிந்தது. திருடன் கண் பட்டால்? அன்று முதல் ஓலைக்குடை ஒன்றை ஊன்றிக்கொண்டு பகலெல்லாம் காவல் உட்கார்ந்தான். அப்போதும் மனம் அடங்கவில்லை. முடிச்சை இறுக்குவான், உட்காருவான், மறுபடி எழுந்து இறுக்குவான்.

பக்கத்துப் படகு நாச்சியுடையது. கணவன் இறந்தபின் தானே படகோட்டிப் பிழைத்தவள். அவள் தன் பாயைச் சுருட்டி, மேலே தென்னை ஓலையில் முடைந்த கிடுகைச் சுற்றிக் கட்டிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். ஒருநாள் இரண்டு கிடுகைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

"உனக்குக் குடை இருக்கு தம்பி. பாய்க்கு?"

வெயில் ஈரத்தை உலர்த்தத்தானே செய்யும், சூரியன் என்ன கொள்ளையா அடிப்பான் என்றான் திரையன். அவள் போனதும், இவள் எதற்கு முடிச்சுப் பக்கம் வந்தாள் என்று அதற்கும் ஒரு சந்தேகம். கிடுகுகள் அடுப்புக்குப் போயின.

மூன்றாம் மாதக் கடைசியில் அவன் மகள் அலரிக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் கஞ்சி இறங்கவில்லை. இரண்டாம் நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் தாயையே அடையாளம் தெரியவில்லை. வைத்தியர் இருந்ததோ எதிர்த் தீவில்.

கடல் சற்றே அடங்கியிருந்தது. வைத்தியரை அழைத்துவரத் திரையன் படகைத் தள்ளிப் பாயை ஏற்றினான். காற்று பிடித்தது. பாதி வழியில் பாய் நெடுகக் கிழிந்து இரண்டாகத் தொங்கியது.

அவன் கிழிசலைத் தொட்டான். அப்பளம்போல் கையில் பொடிந்தது. சுருட்டியபோது வெளியே இருந்த மடிப்பு மட்டுமே அப்படி. உள்ளே இருந்த துணி தறியிலிருந்து இறக்கியதுபோல் புதிதாக இருந்தது. இத்தனை நாளும் தன் கண்ணெதிரிலேயே வெயில் அதைத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துடுப்பை எடுத்து வெறிபிடித்தவன்போல் வலித்தான். தீவு கிட்டே வரவே இல்லை.

கரையிலிருந்து இதைப் பார்த்த நாச்சி தன் பாயை விரித்து வந்து சேர்ந்தாள். தன் படகையும் கட்டி இழுக்க முடியுமா என்று அவன் கேட்டான்.

"இழுக்கலாம். ஆனா பொழுது சாஞ்சிடும். பிள்ளை தாங்குமா?"

திரையன் ஒருமுறை தன் படகைப் பார்த்தான். பிறகு துடுப்பைப் போட்டுவிட்டு அவள் படகில் தாவினான். திரும்பிப் பார்க்கவில்லை.

வைத்தியரோடு அவர்கள் கரை சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. மருந்து உள்ளே போனது. மறுநாள் காலை அலரி தண்ணீர் கேட்டாள். படகு போனது போனதுதான்.

வெயில் பாயைத் தின்னும் என்று எப்படித் தெரியும் என நாச்சியிடம் கேட்டான் திரையன்.

"என் முதல் பாய் அப்படித்தான் போச்சு," என்றாள் அவள். மறுநாளிலிருந்து அவன் அவளோடு கடலுக்குப் போனான்.

ஆகவே கேட்டவர்களே, கவலைப்பட்டுக் காத்திருப்பது காவல் ஆகாது, கேடு வரும் வழியறிந்து அதை அடைப்பதே காவல்.