அண்ணாச்சி காருக்கு இரண்டாவது டிரைவர்

தூத்துக்குடி உப்பள முதலாளி ஆறுமுகநயினார் ஒரு ஃபுட்பால் டீம் வைத்திருந்தார். கையில் நல்ல கோல்கீப்பர் இருக்கும்போதே வீம்புக்கு இன்னொரு பிரபல கோல்கீப்பரையும் வாங்கினார். டீமின் மொத்தச் சம்பளம் லீக் விதித்த வரம்பைத் தாண்டிவிட்டது.

"டிஃபென்ஸ் ஆளுக நாலு பேரையும் டீமை விட்டு அனுப்பிரும்," என்று காரிலிருந்தே மேனேஜருக்குப் போனில் சொன்னார். டிரைவர் சூசை கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

மறுநாள் கார் செங்கல் மேல் நின்றது. உள்ளே சூசையோடு இன்னொருவன்.

"டயர் எங்கல?"

"இவனும் நல்ல டிரைவர் அண்ணாச்சி. இவன் சம்பளத்துக்காக நாலு டயரையும் விலை பேசியிருக்கேன்."

"கூறுகெட்டவனே, ஸ்டியரிங் ஒண்ணுதானல இருக்கு!"

"நாம காக்குற கோலும் ஒண்ணுதான அண்ணாச்சி?"

அண்ணாச்சி முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். மேனேஜருக்குப் போன் போட்டு, "அந்த நாலு பேரும் இருக்கட்டும். புது கோல்கீப்பரைத் திருப்பி அனுப்பிரும்," என்றார்.

"சரி, இவனுக்கு என்னல குடுக்கணும்?"

"என் மச்சான்தான் அண்ணாச்சி. ஒரு காப்பி போதும்."