இந்த ஆண்டின் குறி

இமயமலைச் சரிவில் ஒரு சிறிய ஆசிரமம். குரு உமையாளம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் மருதையன் அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். திருவாரூர்ப் பக்கம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டி ஓய்வு பெற்றவர். ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப்பழக்கம் அவரை விடவில்லை.

பனி விழத் தொடங்கிய முதல் நாளே அதைக் காட்டிவிட்டார். விடிந்ததும் வாசல் தெளிக்கிறேன் என்று படிகளில் ஒரு வாளி வெந்நீரை ஊற்றினார். பனியும் கரையும், வாசலும் சுத்தமாகும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவருக்கு எண்ணம். அரை மணியில் படி கண்ணாடியாக உறைந்துவிட்டது. குரு வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மருதையனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாளும் பனி நிற்கவில்லை. ஆண்டுதோறும் பனி ஏறிய உயரத்தை ஆசிரமத்தின் வெளிச்சுவரில் உளியால் கீறி வைப்பது அங்கே வழக்கம். எழுபது ஆண்டுக் குறிகளில் உச்சியில் இருந்ததையும் இந்தப் பனி விழுங்கிவிட்டது. மருதையன் பரபரப்பாக உளியைத் தேடி எடுத்தார்.

"அம்மா, குறி போட்டுரட்டுமா?"

"எதிர்க் குடிசையைப் பாருங்க" என்றார் குரு.

அறுபது தப்படி தள்ளி ஆட்டிடையன் பூரணின் குடிசை. மாவு வாங்கக் கீழூர் போனவன் பனியில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டான். உள்ளே அவன் மனைவியும், பிறந்து ஒன்பது நாளான குழந்தையும். காலையில் கூரைக்கு மேல் கொழுத்து எழுந்த புகை இப்போது நூலாக இளைத்திருந்தது. அங்கே விறகு தீர்ந்துகொண்டிருக்கிறது.

மருதையன் உளியை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். முதுகில் விறகுக் கட்டு, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு குரு வாசலில் உட்கார்ந்தார்.

இருபதாவது தப்படியில் மருதையன் திரும்பிப் பார்த்தார். வெட்டிய வழி முழங்கால் அளவுக்கு மூடிக் கிடந்தது.

"அம்மா, முன்னால வெட்ட வெட்டப் பின்னால மூடுதே. எப்படித் திரும்பி வருவேன்?"

"அதுக்குத்தான் கயிறு என் கையில இருக்கு. நீங்க போறதைப் பாருங்க."

வெட்டினார். விரல்கள் மரத்தன, மீசை உறைந்தது. ஒரு சமயம் புகையே கண்ணுக்குத் தெரியாமல் போனது. அப்போது அழுதுவிட்டார்; அழுதுகொண்டே வெட்டினார்.

பொழுது சாயுமுன் மண்வெட்டி கதவில் இடித்தது. உள்ளே அடுப்பில் கங்கு மட்டும் மிச்சம். குழந்தை தாயின் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. மூச்சு இருந்தது. மருதையன் விறகை வைத்து ஊதினார், ஊதினார், தீ பிடிக்கும்வரை ஊதினார்.

கயிற்றைப் பிடித்து அவர் திரும்பி வந்தபோது பனி ஓய்ந்திருந்தது. குரு கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு உளியை மறுபடி எடுத்தார்.

"அம்மா, பழைய குறியெல்லாம் பனிக்குள்ள போயிருச்சு. இந்த வருஷக் குறியை எவ்வளவு உயரத்துல போடட்டும்?"

குரு எதிரே பார்த்தார். குடிசைப் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது.

"அந்தப் புகை எட்டுற உயரத்துல போடுங்க."